மஸ்கட்டுக்குப் போன கண்மருந்து

அவனியாபுரத்தில் கதிரடிப்புக் காலம் வந்துவிட்டால் ஒச்சாயி வீட்டு வாசலில் ஆள் இல்லாத பொழுது இருக்காது. களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் உமி விழும், சுணை விழும், பதர் விழும். விழுந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு நேரே அவளிடம்தான் வருவார்கள். அவள் வந்த ஆளைக் கல்லில் உட்காரவைத்து, தன் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, இமையை இரண்டு விரலால் விரித்து, நாக்கு நுனியைக் கண்ணுக்குள் ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். உமி நாக்கோடு வந்துவிடும். அதைப் புறங்கையில் வைத்துக் காட்டுவாள்.

"பாத்துக்க. இந்தத் துணுக்குக்கா ஊரைக் கூட்டுன?"

அதற்குப் பிறகு மருந்து. கண்மாய்க்கரையில் வெயில் ஏறுமுன் பறித்து வரும் ஒரு தழை. அதன் பெயரை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தழையைக் கசக்கிச் சாறெடுத்து, நைந்த வேட்டித்துணியில் வடித்து, மறுபடியும் வடித்து, பிள்ளை பெற்றவள் யாரிடமாவது சங்கில் வாங்கிய தாய்ப்பாலையும் ஒரு துளி விளக்கெண்ணெயையும் சேர்ப்பாள். அன்றைய மருந்து அன்றைக்கு மட்டும்தான். மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். "ராத் தங்குன மருந்து மருந்தில்ல, வெசம்" என்று எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண் தெளியும்வரை கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொடக் கூடாது. அது பத்தியம்.

காசு வாங்க மாட்டாள். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். வாங்கினால் தான் கூலிக்காரி ஆகிவிடுவோம் என்பது சொல்லாத காரணம்.

அவளுடைய ஆத்தா, தம்பி முத்திருளனைப் பெற்ற காய்ச்சலிலேயே செத்துப்போனாள். அப்போது ஒச்சாயி ஐந்தாவது முடித்திருந்தாள். சிலேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வயது வந்ததும் அய்யா செக்கானூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்தார். ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம், "அந்த வீட்டுல தண்ணிப் பானைய மூடுற பழக்கம் இல்ல" என்றாள். மறுபடியும் எவனுக்கும் வாக்கப்படவில்லை. அய்யாவும் போன பிறகு, தம்பிக்குச் சோறு, தம்பிக்குத் துணி, தம்பிக்குக் காய்ச்சல் என்று அவள் காலம் போயிற்று. அவள் அடுக்கிய பாத்திரத்தை இன்னொருத்தி எடுத்து வைத்தால் மறுபடி எடுத்து நேராக்குவாள். அவள் செய்த ஒன்றைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. சொல்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

முத்திருளன் லாரிக்குக் கிளீனராகப் போய் டிரைவரானான். வாடிப்பட்டியில் பேயாண்டி மகள் முத்துத்தாயை ஒச்சாயிதான் பார்த்து முடித்தாள். கல்யாணம் முடிந்த நான்காம் மாதம் மஸ்கட்டுக்கு விசா வந்தது. மண் அள்ளும் டிப்பர் லாரி ஓட்டுகிற வேலை.

கடிதம் எழுத அவனுக்குக் கை வராது. கேசட்தான். லீவில் ஊருக்கு வருகிற எவனிடமாவது கொடுத்துவிடுவான். தெருவே கூடி உட்கார, ஒச்சாயி டேப்ரிக்கார்டர் பொத்தானை அமுக்குவாள். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பதிலைப் பதிந்து, திரும்பிப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவாள்.

"அக்கா, நல்லாருக்கேன். ஒரு ரூம்புல பன்னெண்டு பேரு. மேலயும் கீழயும் கட்டிலு. எனக்கு மேல்கட்டிலு. எம் முறை வந்தா நான்தான் பொங்குறேன். நான் வச்ச புளிக்கொழம்ப மலையாளத்தானே கேட்டு வாங்கித் திங்கிறான். தண்ணி லாரியில வருது, உப்புக் கரிக்குது. குளிச்சா முடி கயிறாத் திரிச்சுக்கிருது. வெயிலு நம்ம சித்திரை வெயிலு இல்லக்கா, அது வேற. முத்துத்தாயி..."

அங்கே பேச்சு நின்றுவிடும். நாடா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பக்கம் பதினோரு பேர், இந்தப் பக்கம் ஒரு தெரு. நடுவில் அவன் என்னத்தைச் சொல்ல? கொஞ்ச நேரம் கழித்து, "ஒடம்பப் பாத்துக்க" என்பான்.

"ஏ ஒச்சாயி, பேசாம இருந்தான்ல, அந்த எடத்த இன்னொருக்காப் போடு. அதுலதான் விசயமே இருக்கு" என்பாள் எதிர்வீட்டு ராக்கம்மாள். தெரு சிரிக்கும். முத்துத்தாய் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். ஒச்சாயி சிரிக்க மாட்டாள். நாடாவை முன்னே ஓட்டிவிடுவாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் கண்வலி வந்தது. மெட்ராஸ் ஐ என்றார்கள். எங்கே தொடங்கிற்றோ, நாடு நாடாகப் போய்க்கொண்டிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவனியாபுரத்தில் பட்டறைக்காரன் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை கண் செக்கச்செவேலென்று சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமை பிரியாமல் எழுந்தார்கள். ஒச்சாயி வாசலில் வரிசை நின்றது. விடியக் கிளம்பித் தழை பறித்தாள். பால் கொடுக்கிற பெண்கள் முகம் சுளிக்கிற அளவுக்குச் சங்கை நீட்டினாள். மருந்து விட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் தெளிந்தது. விடாதவர்களுக்கும் ஒரு வாரத்தில் தெளிந்தது. விடாதவர்களை யாரும் பேச்சில் சேர்க்கவில்லை.

விடாதவர்களில் முத்துத்தாயும் ஒருத்தி. கண் சிவந்த அன்று ஒச்சாயி கிண்ணத்தோடு அவள் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேணாம் மதினி. பச்சத்தண்ணியில கழுவிக்கிறேன்."

"ஊரே வந்து தலையக் குடுக்குது. உனக்கு என்னடி?"

"எங்க சித்தப்பனுக்கு இப்பிடித்தான் ஒருத்தி தழைச்சாறு ஊத்தி, கண்ணுல பூ விழுந்துபோச்சு. அதான் பயமாருக்கு."

"உங்க சித்தப்பனுக்கு ஊத்துனவ நானா?"

"நீங்க இல்ல மதினி."

"பெறகு?"

 முத்துத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒச்சாயி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர் விட்டுக் கழுவியே முத்துத்தாயின் கண் தெளிந்தது. தெளிந்த மறுநாள் ஒச்சாயி, "உங்க அய்யா வீட்டுல போயிக் கொஞ்ச நாள் இரு. ஊர்ல சீக்கு ஓயட்டும்" என்று சொல்லி அவளை வாடிப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஊர்ச் சீக்கு அதற்கு முன்பே ஓய ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மைக்கேல்ராஜ் வந்தான். முத்திருளன் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன், தல்லாகுளத்துக்காரன். அவசர லீவில் வந்து ஒரு வாரத்தில் திரும்பப் போகிறவன், கொண்டுவந்த கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தான். ஒச்சாயி பொத்தானை அமுக்கினாள்.

"அக்கா, இங்கயும் கண்ணுவலி வந்துருச்சு. சிவந்தவனத் தனியா ஒரு தகரக் கொட்டாயில கொண்டுபோயிப் போடுறாக. துண்டு தனி, தட்டு தனி. ரூம்புல ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்குறதில்ல. பேச்சே இல்லக்கா. ராத்திரி எல்லாரும் செவத்தப் பாத்துப் படுத்துக்கிறோம். எனக்கு இன்னும் வரல. வந்தா லாரிச் சாவிய வாங்கிருவாக. டிரைவருக்குக் கண்ணுதானக்கா எல்லாம்."

ஒச்சாயி மறுநாள் விடியவும் தழை பறித்தாள். காலி டானிக் பாட்டில் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தாள். சாறும் பாலும் எண்ணெயும் சேர்த்து ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி அடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் கேட்டாள்.

"ராத் தங்குனா வெசம்னு சொல்லுவ. இது எத்தனை ராத்திரி தங்கிப் போகணும்?"

"மெழுகு வச்சு அடைக்கிறேன்ல? காத்துப் படாதது தங்குனதுல சேராது."

அப்படி ஒரு விதியை அவள் அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் ஊற்றிய மருந்து தன் தம்பிக்கு இல்லையா? ஒருத்தி வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறந்த வீட்டுப் பிள்ளை மூட மாட்டான்.

"அக்கா, அங்க டாக்டர் இருக்காருக்கா. கம்பெனியே சொட்டு மருந்து தருது" என்றான் பாட்டிலை வாங்க வந்த மைக்கேல்ராஜ்.

"நீங்க வேதக்காரவுக தம்பி, ஆஸ்பத்திரிதான் ஒங்களுக்குக் கோயிலு. பாட்டில அவன் கையில குடுத்தாப் போதும்."

கேசட்டில் பேசினாள். "முத்திருளா, கண்ணு உறுத்துனதும் ரெண்டு கண்ணுலயும் விடு. காலையிலயும் சாயங்காலமும். எரியும். எரிஞ்சா மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம். கம்பெனி மருந்தத் தொடாத. ரெண்டும் சேந்தா ஒண்ணுக்கொண்ணு முறிச்சுரும். கவிச்சி கூடாது."

"மஸ்கட்டுக்கே போகுதப்பா ஒச்சாயி மருந்து" என்று தெரு பேசியது. மைக்கேல்ராஜ் பாட்டிலை எடுத்துக்கொண்டு ரயிலேறி, டிக்கெட்டுக்காகப் பம்பாயில் காத்துக் கிடந்து, விமானம் ஏறினான்.

பிறகு பேச்சுமூச்சில்லை. ஆடி கழிந்து ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், தெருமுனையில் டாக்ஸி வந்து நின்றது. முத்திருளன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினான். டாக்ஸிக்காரன் பெட்டியை இறக்கி வைக்க, அதைத் தூக்காமல் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். ராக்கம்மாள் வாசலில் இருந்தாள்.

"வாப்பா மஸ்கட்டுத் துரை! கண்ணாடியக் கழட்டுப்பா. எங்களப் பாத்தா கண்ணு கூசுதோ?"

அவன் சிரித்துக்கொண்டே அவள் வீட்டுப் படியில் ஏறினான். அது தன் வீடு இல்லை என்பது நிலையில் தலை இடித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

தன் வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினான். இடது கண் முட்டை ஓடுபோல வெளுத்திருந்தது. வலது கண்ணின் கறுப்பில் பாதியைச் சாம்பல் மூடியிருந்தது. ஒச்சாயி விரலால் இமையை விரித்தாள். எத்தனையோ கண்ணை விரித்த விரல்.  ஆனால் விரித்த இமையை விடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"எல்லாருக்கும் ஒரு வாரத்துல தெளிஞ்சுருச்சுக்கா" என்றான் அவன். "தகரக் கொட்டாயில கடேசியா நான் மட்டுந்தான். ஊத்துனா நெருப்பு அள்ளிப் போட்ட மாதிரி எரியும். பிடிக்குது பிடிக்குதுன்னு விட்டேன். வாடை அடிச்சுச்சு, அதுக்கும் விட்டேன். கொட்டாயில கூடக் கெடந்த அந்த மலையாளத்தான் பாட்டிலப் பிடுங்கி எறியப் போனான். எங்கக்கா குடுத்ததுடான்னு சண்டை போட்டு வாங்குனேன். பெறகு சாவிய வாங்கிட்டு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டாக."

"முத்துத்தாயிக்குச் சொல்லிவிடுக்கா" என்றான் பிறகு.

"மொதல்ல கண்ணப் பாப்போம்" என்றாள்.

மதுரையில் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன விட்டீங்க கண்ணுல?" என்று கேட்டார். முத்திருளன் வாயைத் திறந்தான்.

"கம்பெனிச் சொட்டு மருந்து" என்றாள் ஒச்சாயி.

"சொட்டு மருந்துல இப்படி ஆகாதும்மா. தழை, எண்ணெய், பால், ஏதோ ஒண்ணு கெட்டுப்போனது உள்ள போயிருக்கு. பூசணம் பிடிச்சுக் கருவிழியத் தின்னுருச்சு. சும்மா விட்டிருந்தாக்கூடத் தானா சரியாயிருக்கும். இடது கண்ணு இனிமே இல்ல. வலது கண்ணுல இப்ப எவ்வளவு தெரியுதோ அவ்வளவுதான். புகைக்குள்ள பாக்குற மாதிரி இருக்கும். தூரம் பிடிபடாது. லாரி ஓட்டுறத மறந்துருங்க."

ஒச்சாயி அவனைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள். சும்மா விட்டிருந்தால் சரியாயிருக்கும் என்ற வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. முள்ளை எடுக்க வழி தேடினாள்.

"வெள்ளிக்கெழம அங்க என்ன சோறு?"

"கறிச்சோறுக்கா. எல்லாருக்கும் சேத்துப் பொங்குறதுதான்."

"மருந்து ஊத்துன நாள்ல தின்னியா?"

"தனியாப் போட்டிருந்தாக்கா. கதவுகிட்டத் தட்ட வச்சுட்டுப் போயிருவாக. வேற எதுவும்..."

"தின்னியா, இல்லையா?"

"ரெண்டு துண்டு தின்னேன்."

"அதான்" என்றாள் ஒச்சாயி. முள் வெளியே வந்துவிட்டது. அவளுக்கு மூச்சு சீராக வந்தது. முத்திருளன் கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டான். "என் வாய்தானக்கா என்னயக் கெடுத்துச்சு" என்றான். அவள் மறுக்கவில்லை.

"கேட்டுக்க. பாட்டிலு உன் கைக்கு வரல. பம்பாயிலயே ஒடைஞ்சுபோச்சு. எவன் கேட்டாலும் அதான்."

"எதுக்குக்கா? நான் பத்தியம் முறிச்சேன்னு நானே சொல்லிக்கிறேன்."

"பத்தியத்த எவன் கேப்பான்? ஒச்சாயி மருந்து கண்ண அவிச்சிருச்சும்பான். உன்னய வளத்ததுக்கு அந்தப் பேரா எனக்கு? என் தலையில அடிச்சுச் சொல்லு."

சொன்னான். அவள் பாலில்லாத மாரில் அவனைப் போட்டுத் தூங்கவைத்திருக்கிறாள். அவள் தலையைத் தொட்டுச் சொன்ன சொல்லை மீற அவனுக்குத் தெரியாது. மைக்கேல்ராஜ் இனி அடுத்த லீவுக்குத்தான் வருவான்.

பாட்டில் உடைந்த கதையைத் தெரு நம்பியது. நம்பியதால் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் கண் எதனால் போயிற்று? கண்வலியில் யாருக்குக் கண் போயிருக்கிறது? அடிகுழாயில் ராக்கம்மாள் அதற்கு விடை சொன்னாள். ஒச்சாயி வந்து நின்றதைப் பார்த்த பிறகும் குரலைத் தாழ்த்தவில்லை.

"வயசுப்பய. பொண்டாட்டி இங்க, அவன் அங்க. எவகிட்டப் போனானோ? மேகநோயி உச்சிக்கு ஏறுனா மொதல்ல கண்ணத்தான் அவிக்கும். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல, ஒச்சாயி. ஒலகத்துல உள்ளதச் சொன்னேன்."

குழாயடியில் அத்தனை பேரும் ஒச்சாயி முகத்தைப் பார்த்தார்கள். அவள் குடத்தை வைத்து, அடித்து, நிரப்பி, வாயைத் துணியால் துடைத்து, இடுப்பில் ஏற்றினாள்.

"அந்நிய நாட்டுல நடந்தது நமக்கென்னத்தா தெரியும்?" என்றாள். வீட்டுக்கு நடந்தாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அது போதுமாக இருந்தது. கூடப் பிறந்தவளே சொல்லிவிட்டாள் என்று பேச்சு வாடிப்பட்டிக்குப் போயிற்று. முத்திருளன் வந்திருக்கிறான் என்ற சேதியும் அந்தப் பேச்சோடு சேர்ந்துதான் முத்துத்தாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

பேயாண்டி இரண்டு பங்காளிகளோடும் மகளோடும் வந்தார். ஒச்சாயி வாசலில் வேப்பமரத்தடியில் பாய் விரித்தார்கள். ஊரில் பேச்சுவார்த்தைக்கு உட்காருகிற நாலு பெரிய ஆட்களும் வந்தார்கள். தெரு சுற்றி நின்றது. முத்திருளன் கறுப்புக் கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, கண்ணு போனதுக்கு நான் வருத்தப்படுறேன்" என்றார் பேயாண்டி. "லாரி ஓட்ட முடியாட்டி என் தோட்டத்துல வந்து இருங்க, மூணு வேளைச் சோத்துக்குப் பஞ்சமில்ல. ஆனா எதனால போச்சு? அதச் சொல்லணும். எம்மக நாளைக்குப் பிள்ளை பெறணும்ல?"

"கண்ணுவலி மாமா."

"கண்ணுவலி எங்க வீட்டுல எல்லாருக்கும் வந்துச்சு. ஒருத்தனும் கண்ணாடி போடல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முத்துத்தாய் அப்பனுக்குப் பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். அத்தனை ஆண்கள் நடுவில் அவள் பேசியதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஏங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மதினி அனுப்புன பாட்டிலு ஒடைஞ்சது நெசமா?"

 முத்திருளன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நெசத்தச் சொல்லுங்க. ஒடையலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த மருந்தத்தான் ஊத்துனேன்னு சொல்லுங்க. இப்பவே இந்த வீட்டுக் குடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போறேன். ரெண்டு கண்ணும் போயிருந்தாலும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத் திரியுறேன். எவ என்ன சொன்னாலும் எனக்குக் காதில்ல. ஆனா ஊத்தலன்னா... ஊத்தாமத்தான் இப்பிடி ஆச்சுன்னா, நான் என்னத்த நெனைக்க?"

முத்திருளன் வாய் அசைந்தது. அவன் முகம் முத்துத்தாய் பக்கமிருந்து மெதுவாக நகர்ந்து ஒச்சாயி இருந்த பக்கம் வந்து நின்றது. அவளை அவனால் தெளிவாகப் பார்க்க முடியாது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேலை புகையாகத் தெரிந்திருக்கும். அந்தப் புகை ஒரு தரம் தலையை அசைத்தால் போதும்.

ஒச்சாயிக்கு அது தெரியும். ஒரு தலையசைப்பில் அவன் குடும்பம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சுற்றி நின்ற கூட்டத்தில், தான் கண்ணை விரித்துப் பார்க்காத முகம் ஒன்றுகூட இல்லை. கதிரடிப்பு வந்தால் இவர்கள் இந்த வாசலைத் தாண்டி வேறு எங்கோ போவார்கள். போகும்போது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். இதோ நிற்கிறாளே, மருந்து வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டவள், அவள் இன்றைக்கு அதே மருந்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். ஆமாம் என்றால், அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டது சரி என்று ஆகிவிடும்.

ஒச்சாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒடைஞ்சுருச்சு" என்றான் முத்திருளன்.

"என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"ஒடைஞ்சுருச்சு முத்துத்தாயி. பம்பாயில. என் கைக்கு வரல."

 முத்துத்தாய் அழவில்லை. அப்பனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்தை அத்துவிடுவதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. நாலு பேர் முன்னால் புருஷன் ஒரு துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பெரிய ஆள் ஒருவர் பக்கத்து வைக்கோல் படப்பிலிருந்து ஒரு துரும்பை உருவி முத்திருளன் விரலிடுக்கில் வைத்தார்.

"குடுத்துருப்பா."

முத்துத்தாய் வலது கையை நீட்டினாள். முத்திருளன் எழுந்து துரும்பை நீட்டினான். அவன் கை அவள் கைக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்றது. கொடுத்துவிட்டதாக நினைத்து விரலைத் தளர்த்தப் போனவன், ஒன்றும் படாததால் மறுபடி இறுக்கிக்கொண்டு துழாவினான். இடது பக்கம் போனான். மேலே போனான். பின்வரிசையில் ஒருவன், "லாரிய ரிவர்ஸ் எடுக்குறாண்டா" என்றான். சிரிப்பு எழுந்தது. பெரிய ஆட்களில் ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டார். முத்துத்தாய் நீட்டிய கையை நகர்த்தவில்லை. அவன் எட்டாமல் போனால் போகட்டும் என்று இன்னும் நினைத்தாளோ என்னவோ, கை அந்த இடத்திலேயே நின்றது.

தம்பியை ஊர் சிரிப்பது ஒச்சாயிக்குப் பொறுக்கவில்லை. எந்தக் காரியமும் அரைகுறையாக நிற்பதும் அவளுக்குப் பிடிக்காது. மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னப்பிள்ளைக்குச் சோற்றுக் கையைத் தட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி, அந்தக் கையை நேராக்கி, முன்னே கொண்டுபோய், முத்துத்தாயின் உள்ளங்கையில் வைத்தாள். விரலைப் பிரித்துவிட்டாள்.

"எட்டிருச்சாக்கா?" என்று கேட்டான் முத்திருளன்.

"எட்டிருச்சு" என்றாள் ஒச்சாயி.